இருபது அமினோ அமிலங்களும் அவற்றின் குணமும்: நீட் எழுதும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும்

நாக்பூரில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறது. அந்த ஆசைக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான். 2013இல் முதன்முதலாக நடத்தப்பட்டு, இடையில் நின்று, 2016 முதல் நாடு முழுவதற்குமாக நடந்து வரும் நீட் தேர்வு. வினாத்தாள் பதின்மூன்று மொழிகளில் வருகிறது, தமிழும் அதில் உண்டு. ஆனால் தமிழ் வினாத்தாள் தமிழ்நாட்டுப் பக்கத்து மையங்களில்தான் கிடைக்கும். இங்கே நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, மராத்தியிலோதான் எழுதியாக வேண்டும். ஆகவே தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்த தாய்மார்களும் பாட்டிகளும், "நமக்கு இதிலே என்ன தெரியும்? டியூஷன் வாத்தியார் பார்த்துக்குவார்" என்று ஒதுங்கி விடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை என்பதை ஒரே ஒரு பாடத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட பாடம் அமினோ அமிலங்கள். பதினோராம் வகுப்பு உயிரியலிலும் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலிலும் உயிர்மூலக்கூறுகள் என்ற பாடத்தில் இது வருகிறது. இருபது பெயர்கள். பார்த்தவுடன் பிள்ளைகளுக்கு மலைப்பு வரும். உடனே மனப்பாடம் தொடங்கும். தேர்வறையில் லியூசினா லைசினா, அஸ்பரஜினா அஸ்பார்டிக் அமிலமா என்று குழப்பம் வரும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு என்பதால் ஒரு குழப்பத்தின் விலை 5 மதிப்பெண். அந்த ஐந்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முந்திப் போய்விடுவார்கள்.

அடியேன் டாக்டருமல்ல, வாத்தியாருமல்ல. இத்வாரி தானிய பஜாரில் பருப்பு வியாபாரம் செய்பவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பேரப்பிள்ளைகளின் புத்தகங்களை அகராதியோடு வைத்துக்கொண்டு, கடை மூடிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். அந்தப் படிப்பில் விளங்கிய ஒரு விஷயம் இது: சரக்கின் பெயரைத் தெரிந்தவன் வியாபாரி ஆவதில்லை, சரக்கின் குணத்தைத் தெரிந்தவனே வியாபாரி. துவரையைக் கையில் அள்ளினால் ஈரம் எவ்வளவு, எவ்வளவு நாள் தாங்கும், வேகுமா வேகாதா என்று சொல்ல வேண்டும். அமினோ அமிலமும் அப்படித்தான். குணம் தெரிந்தால் பெயர் தானே நிற்கும். பெயர் மட்டும் தெரிந்தால் இரண்டும் நிற்காது.

உடல் ஒன்று, நான்காவது கை வேறு

இருபது அமினோ அமிலங்களுக்கும் அடிப்படை உருவம் ஒன்றே. நடுவில் ஒரு கார்பன் அணு. கார்பனுக்கு நான்கு கைகள். ஒரு கையில் அமினோ தொகுதி, இரண்டாவது கையில் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதி, மூன்றாவது கையில் ஒரு ஹைட்ரஜன். இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. நான்காவது கையில் பிடித்திருப்பதைப் பக்கச் சங்கிலி என்பார்கள். அதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நான்காவது கையிலும் வெறும் ஹைட்ரஜன் இருந்தால் அது கிளைசின். இருபதில் மிகச் சிறியது. ஒரு மெத்தில் தொகுதி இருந்தால் அலனின். அந்த மெத்திலில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் செரின். பாடப் புத்தகம் இந்த மூன்றையும்தான் முதலில் எடுத்துக்காட்டுகிறது. காரணம், சின்ன மாற்றம் எப்படிப் புதிய ஆளை உருவாக்குகிறது என்பதை இவை அழகாகக் காட்டுகின்றன.

இங்கேயே ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நான்கு கையிலும் நான்கு வெவ்வேறு பொருள் இருந்தால்தான் அந்தக் கார்பன் சீர்மையற்ற கார்பன் ஆகும், அந்தப் பொருள் ஒளியின் தளத்தைச் சுழற்றும். கிளைசினில் இரண்டு கைகளில் ஒரே ஹைட்ரஜன். ஆகவே கிளைசின் மட்டும் ஒளிசுழற்றாது, மற்ற பத்தொன்பதும் சுழற்றும். இதை மனப்பாடம் செய்ய வேண்டுமா? படத்தைப் போட்டால் தானே தெரிகிறது, இல்லீங்களா?

மூன்று கை பொது என்றேன், 'ஏறக்குறைய' என்றும் சேர்த்தேன். அந்த விலக்கு புரோலின். இதன் பக்கச் சங்கிலி வளைந்து போய்த் தன் அமினோ தொகுதியையே பிடித்துக்கொண்டு வளையமாகிவிடுகிறது. அதனால் வளைந்து கொடுக்காது. புரதச் சங்கிலி சுருள் சுருளாகப் போகும் இடத்தில் புரோலின் வந்தால் அந்தச் சுருள் முறிந்துவிடும்.

நான்கு கூடைகள்

இனி இருபதையும் தரம் பிரிப்போம். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. பக்கச் சங்கிலி தண்ணீரோடு சேருமா, சேராதா? சேர்ந்தால், உடம்புக்குள் இருக்கும் நிலையில் அதற்கு மின்னேற்றம் உண்டா, இல்லையா?

முதல் கூடை, தண்ணீரோடு சேராதவை. எண்ணெய்க் குணம் கொண்டவை. கிளைசின், அலனின், வாலின், லியூசின், ஐசோலியூசின், புரோலின், மெத்தியோனின், பினைல் அலனின், டிரிப்டோபேன் ஆகிய ஒன்பது. இவற்றின் பக்கச் சங்கிலியில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். நல்லெண்ணெயிலும் அவைதானே அதிகம்! தண்ணீரில் விட்ட எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதைப் போல, இவையும் தண்ணீருக்கு ஒளிந்து புரதத்தின் உள்பக்கத்தில் கூடிக்கொள்ளும். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலியே இல்லாதது போலத்தான், ஆகவே அதை எந்தக் கூடையிலும் அடக்கலாம் என்பாரும் உண்டு.

இரண்டாம் கூடை, தண்ணீரோடு சேரும், மின்னேற்றம் கிடையாது. செரின், திரியோனின், டைரோசின், சிஸ்டீன், அஸ்பரஜின், குளுட்டமின் ஆகிய ஆறு. முதல் மூன்றிலும் ஹைட்ராக்சில் உண்டு. சிஸ்டீனில் அதே இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம்.

மூன்றாம் கூடை, அமிலக் குணம். அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் ஆகிய இரண்டே இரண்டு. பக்கச் சங்கிலியிலும் ஒரு கார்பாக்சில் தொகுதி கூடுதலாக இருக்கிறது. அது ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு எதிர் மின்னேற்றம் பெறும்.

நான்காம் கூடை, காரக் குணம். லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின் ஆகிய மூன்று. பக்கச் சங்கிலியில் நைட்ரஜன் கூடுதல். அது ஹைட்ரஜன் அயனியை ஏற்று நேர் மின்னேற்றம் பெறும். ஹிஸ்டிடின் மட்டும் மூன்றிலும் மெலிந்த காரம், இரத்தத்தின் நிலையில் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமலே இருக்கும்.

ஒன்பது, ஆறு, இரண்டு, மூன்று. கூட்டினால் இருபது. கணக்கு நேர்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அஸ்பார்டிக் அமிலமும் அஸ்பரஜினும் அண்ணன் தம்பி போல. குளுட்டாமிக் அமிலமும் குளுட்டமினும் அப்படியே. அமிலத்தில் கார்பாக்சிலாக இருந்தது, மற்றதில் அமைடாக மாறியிருக்கிறது. அமைடு ஆனதும் அமிலக் குணம் போய்விடும். பெயர் ஒத்துப் போகிறதே என்று நால்வரையும் ஒரே கூடையில் போட்டால் தவறு.

பெயரிலேயே குணம்

பெயர்களும் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் பிறப்பைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கதை போல நினைவில் நிற்கும்.

முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அஸ்பரஜின். 1806இல் பிரான்சில் வோக்லன், ரோபிக்கே என்ற இருவர் அஸ்பரகஸ் என்ற தண்டுக்காயின் சாற்றிலிருந்து எடுத்தனர். நம் சித்த வைத்தியத்தில் வழங்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு அந்த அஸ்பரகஸ் இனத்தைச் சேர்ந்ததே. கடைசியாக வந்தது திரியோனின், 1935இல் அமெரிக்காவில் வில்லியம் ரோஸ் கண்டறிந்தார். முதலுக்கும் கடைசிக்கும் இடையே ஏறத்தாழ 130 ஆண்டுகள்!

கிளைசின் என்றால் கிரேக்க மொழியில் இனிப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது, அது உண்மையிலேயே இனிக்கும். 1820இல் விலங்குப் பசையான ஜெலட்டினிலிருந்து எடுக்கப்பட்டது. செரின் என்பது பட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பட்டு நூலின் மேல் ஒட்டியிருக்கும் பசையில்தான் அதை முதலில் கண்டார்கள். காஞ்சிபுரத்தில் நெய்வதற்கு முன் பட்டு நூலை வேகவைத்துப் பசை நீக்குகிறார்களே, அந்தப் பசையில் செரின் ஏராளம். டைரோசின் என்பது பாலாடைக்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். குளுட்டாமிக் அமிலம் கோதுமையின் குளுட்டனிலிருந்து 1866இல் கிடைத்தது. சப்பாத்தி மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற பசைதான் குளுட்டன். மெத்தியோனின் என்ற பெயருக்குள் மெத்திலும், கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஒளிந்திருக்கின்றன. கந்தகம் உள்ளவை எவை என்று கேட்டால் மெத்தியோனின், சிஸ்டீன் என்று உடனே சொல்லலாம். முடி கருகினால் வரும் நாற்றத்தில் இந்தக் கந்தகத்துக்கும் பங்கு உண்டு. முடியில் இருக்கும் கெரட்டினில் சிஸ்டீன் அதிகம்.

சிஸ்டீனின் முக்கிய வேலை கொக்கி போடுவது. இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் கைகோத்தால் டைசல்பைடு பாலம் உண்டாகும். சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினில் மொத்தம் 51 அமினோ அமிலங்கள். 21 கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட மற்றொரு சங்கிலி. இரண்டையும் பிணைத்து வைப்பது இந்தப் பாலங்களே. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இன்சுலின் தயாரிக்கும் பாடத்திலும் இது வருகிறது.

வளையம் உள்ளவை என்று கேட்டால் பினைல் அலனின், டைரோசின், டிரிப்டோபேன் ஆகிய மூன்றும் பாடப் புத்தகம் சொல்லும் அரோமாட்டிக் அமினோ அமிலங்கள். பினைல் அலனினோடு ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் அதுவே டைரோசின். நம் உடம்பே ஒரு நொதியின் துணையால் இதைச் செய்துகொள்கிறது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைக்குப் பினைல் அலனின் தேங்கி மூளை வளர்ச்சி பாதிக்கும். அதுதான் பினைல்கீட்டோனூரியா. டைரோசினிலிருந்துதான் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் உண்டாகிறது. ஆகவே அந்தக் குழந்தைகளின் தோல், முடி வெளிறிப் போவதற்கும் காரணம் விளங்கிவிடுகிறது. அட்ரினலினும் தைராக்சினும் டைரோசினின் பிள்ளைகளே.

தயிர்க் கிண்ணம் சொல்லும் பாடம்

ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் அமிலத் தொகுதியும் உண்டு, காரத் தொகுதியும் உண்டு. தண்ணீரில் கரைந்ததும் அமிலத் தொகுதி கொடுக்கும், அமினோ தொகுதி வாங்கும். கொடுத்தது எதிர் மின்னேற்றம், வாங்கியது நேர் மின்னேற்றம். ஒரே மூலக்கூறில் இரண்டும் இருப்பதால் சுவிட்டர் அயனி என்று பெயர். வரவும் செலவும் சமமாகி நிகர மின்னேற்றம் பூச்சியமாகும் பி.எச். அளவைச் சமமின் புள்ளி என்கிறார்கள். அதைவிடப் புளிப்பான கரைசலில் நேர் மின்னேற்றம் மிஞ்சும், காரமான கரைசலில் எதிர் மின்னேற்றம் மிஞ்சும்.

இது புத்தகத்தில் மட்டும் நடப்பதல்ல. தினம் நம் சமையலறையில் நடக்கிறது. பாலில் உள்ள முக்கியப் புரதம் கேசீன். பாலின் பி.எச். 6.6 அளவில் கேசீன் துகள்களுக்கு எதிர் மின்னேற்றம் மிஞ்சியிருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலில் மிதந்துகொண்டிருக்கும். உறை ஊற்றியதும் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கின்றன, பி.எச். இறங்குகிறது. 4.6ஐ நெருங்கும்போது கேசீனின் நிகர மின்னேற்றம் பூச்சியமாகிறது. தள்ளும் சக்தி போனதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. தயிர் உறைந்துவிட்டது! பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதற்கும் இதே காரணம்தான். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகம் பால் உறைவதைப் புரதத்தின் இயல்பு திரிதலுக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. தேர்வில் அப்படியே விடை எழுதட்டும். அதன் பின்னால் இருக்கும் மின்னேற்றக் கணக்கையும் தெரிந்துகொள்ளட்டும்.

மின்னேற்றத்தின் இன்னொரு வேலையைப் பாருங்கள். டி.என்.ஏ. இழையில் பாஸ்பேட்டுகள் வரிசையாக இருப்பதால் அதற்கு எதிர் மின்னேற்றம். அதைச் சுருட்டி வைக்க ஓர் உருளை வேண்டும். எப்படிப்பட்ட உருளை? நேர் மின்னேற்றம் உள்ளது. ஆகவேதான் அந்த வேலையைச் செய்யும் ஹிஸ்டோன் புரதங்களில் லைசினும் ஆர்ஜினினும் மிகுதி. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருளை. நான்காம் கூடை தெரிந்த பிள்ளைக்கு மரபியல் பாடத்தில் வரும் இந்த வரியைப் புதிதாகப் படிக்க வேண்டியதே இல்லை.

சிறியதற்கும் ஒரு பெருமை

அளவும் ஒரு குணம்தான் என்பதை உலகுக்குக் காட்டியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. நம் தோல், எலும்பு, தசைநாண்களில் இருக்கும் கொல்லாஜன்தான் விலங்குலகில் மிக அதிகமாக உள்ள புரதம். அதன் அமைப்பு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டார்கள். கொல்லாஜன் இழையில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் இடமே கிடையாது. கிளைசினைத் தவிர வேறு எதுவும் அங்கே நுழைய முடியாது. மிகச் சிறிய ஆள்தான் அந்தக் கயிறு முறுகுவதற்கே காரணம். பிறகு 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடத்தை, இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இதை அறியாமல் இருக்கலாமா?

ஒரே ஓர் ஆள் மாறினால்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். நீட் பாடத்திட்டத்தில் அரிவாள் செல் இரத்தசோகை என்ற பாடம் உண்டு. பிள்ளைகள் ஒரு வரியாக மனப்பாடம் செய்கிறார்கள்: ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வருகிறது. மரபுக் குறியீட்டில் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.யூ.ஜி. ஆகிறது. ஒப்பித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கூடைகளை வைத்து இந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

குளுட்டாமிக் அமிலம் மூன்றாம் கூடை. தண்ணீரை விரும்பும், எதிர் மின்னேற்றம் உண்டு. வாலின் முதல் கூடை. எண்ணெய்க் குணம், மின்னேற்றம் இல்லை. ஹீமோகுளோபினின் வெளிப்பரப்பில், தண்ணீர் சூழ்ந்த இடத்தில், தண்ணீரோடு ஒட்டாத ஒருவர் வந்து நிற்கிறார். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ஹீமோகுளோபினில், இந்த வாலின் ஒதுங்க இடம் தேடிப் பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அது மற்றொன்றோடு என நீண்ட இழையாகிவிடுகிறது. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. மெல்லிய இரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. தாங்க முடியாத வலி, இரத்தசோகை, உறுப்புக் கேடு எல்லாம் பின்னால் வருகின்றன.

நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் அதே குணத்திலிருந்துதான் பிறக்கிறது. மின்னேற்றம் உள்ள ஒன்று போய் இல்லாத ஒன்று வந்தது அல்லவா? ஒரு ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி இரண்டு. ஆகவே இரண்டு எதிர் மின்னேற்றங்கள் குறைகின்றன. மின்புலத்தில் ஓடவிட்டால், காரக் கரைசலில் சாதாரண ஹீமோகுளோபின் நேர்முனையை நோக்கி வேகமாகப் போகும், இது பின்தங்கும். இந்த வேறுபாட்டை 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். ஒரு மூலக்கூறே நோயாக முடியும் என்று உலகம் அன்றுதான் அறிந்தது. மாறியது எது என்பதை 1950களின் பிற்பகுதியில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார்.

இது எங்கோ ஆப்பிரிக்காவின் நோய் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் இதை முதலில் கண்ட இடமே நம் நீலகிரி மலை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு அறிஞர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். நாம் வாழும் விதர்பாவில் இது பரவலாக உள்ள நோய். பெற்றோர் இருவரும் இக்குறையை மறைவாகத் தாங்கியவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாங்கி இருப்பவர்க்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 2047க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காகக் கொண்டு, நாற்பது வயது வரை உள்ள ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று அறிவித்தது.

நம் பிள்ளை டாக்டராகி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால், இந்த நோயாளி நிச்சயம் முன்னால் வந்து நிற்பார். "ஆறாவது இடம், குளுட்டாமிக், வாலின்" என்று ஒப்பிக்கத் தெரிந்தவரைவிட, ஏன் வலிக்கிறது, தண்ணீர் நிறையக் குடிக்க ஏன் சொல்கிறோம், ஆக்சிஜன் குறைந்தால் ஏன் ஆபத்து என்று தெரிந்தவரிடம் போகவே அந்த நோயாளி விரும்புவார். தேர்வுக்குப் படிப்பதும் வைத்தியத்துக்குப் படிப்பதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

பருப்பும் சோறும்

இருபதில் சிலவற்றை உடம்பே செய்துகொள்ளும். செய்ய முடியாதவற்றை உணவில் பெற வேண்டும். அவை அத்தியாவசிய அமினோ அமிலங்கள். பிள்ளைகள் இதற்கு 'பி.வி.டி. டிம் ஹால்' என்ற ஆங்கிலச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பினைல் அலனின், வாலின், திரியோனின், டிரிப்டோபேன், ஐசோலியூசின், மெத்தியோனின், ஹிஸ்டிடின், ஆர்ஜினின், லியூசின், லைசின் என்று பத்து. சூத்திரம் நல்லதுதான். ஆனால் 'டி' என்பது டைரோசின் என்று எண்ணிவிடக் கூடாது. டைரோசினைப் பினைல் அலனினிலிருந்து உடம்பே செய்துகொள்ளும் என்று மேலே பார்த்தோம். 'ஏ' என்பது அலனின் அல்ல, ஆர்ஜினின். பெரியவர்களின் உடம்பு ஆர்ஜினினைத் தேவைக்குச் செய்துகொள்ளும், வளரும் குழந்தைகளுக்குப் போதாது. ஆகவே சில புத்தகங்களில் ஒன்பது என்று இருக்கும். என்.சி.இ.ஆர்.டி. வேதியியல் அட்டவணையில் பத்துக்கும் நட்சத்திரக் குறி உண்டு.

அரிசி, கோதுமையில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. தானியத்தில் மெத்தியோனின் பரவாயில்லை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, சாம்பார் சாதம், பொங்கல், இங்குள்ளவர்களின் வரண்-பாத், கிச்சடி எல்லாம் இந்தக் கணக்கின்படியே அமைந்திருக்கின்றன. பருப்பு வியாபாரி சொல்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள், இது உணவு நூல்கள் ஒப்புக்கொண்ட உண்மை!

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

தாய்மார்களும் பெரியவர்களும் பிள்ளையிடம் தமிழிலேயே கேட்கலாம். ஒரு அமினோ அமிலத்தின் பெயரைச் சொல்லி நான்கு கேள்வி: சிறியதா பெரியதா? தண்ணீரோடு சேருமா? மின்னேற்றம் என்ன? தனி உறுப்பு ஏதாவது, அதாவது கந்தகம், வளையம், ஹைட்ராக்சில் உண்டா? பிள்ளை பக்கச் சங்கிலியைப் படம் போட்டுக்கொண்டே விடை சொல்ல வேண்டும். படம் போடாமல் விடை வந்தால் அது மனப்பாடம் என்று அறிக. தினம் நான்கு வீதம் ஐந்து நாளில் இருபதும் முடியும். ஆறாம் நாள் முதலிலிருந்து கலைத்துக் கேளுங்கள்.

பிறகு 'ஏன்' கேள்விகள். கிளைசின் ஏன் ஒளியைச் சுழற்றாது? ஹிஸ்டோனில் லைசின் ஏன் அதிகம்? பால் ஏன் உறைகிறது? குளுட்டாமிக் அமிலம் போய் அஸ்பார்டிக் அமிலம் வந்திருந்தால் சிவப்பணு இப்படி வளையுமா? கடைசிக் கேள்விக்கு விடை இக்கட்டுரையில் நேராகச் சொல்லப்படவில்லை. இரண்டும் ஒரே கூடை, இரண்டுக்கும் எதிர் மின்னேற்றம், ஆகவே வாலின் செய்யும் வேலையை அஸ்பார்டிக் அமிலம் செய்யாது என்று பிள்ளை தானாகச் சொல்லிவிட்டால், பாடம் ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருங்கள். அந்த விடையைப் பிள்ளை தமிழில் சொன்னாலும் சரி, தேர்வறையில் எந்த மொழியிலும் அது கைகொடுக்கும்.